தனித் தட்டு

காலரா கடல் தாண்டி வந்து நம் பக்கமும் கால் வைத்த அறுபத்து நாலாம் வருஷம், காரைக்குடியில் ஓர் ஆஸ்பத்திரியின் பின்கட்டைப் பேதி வார்டாக ஆக்கினார்கள். வார்டு சுலபமாகக் கிடைத்துவிட்டது. வேலை பார்க்க ஆள்தான் கிடைக்கவில்லை. தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்த ஆயாக்களைப் பழக்கும் பொறுப்பு நர்ஸ் நபீஸாவின் தலையில் விழுந்தது. வீட்டில் காத்திருக்க ஆளில்லாதவள், எந்நேரமும் இங்கேயே கிடப்பாள் என்று பெரிய டாக்டர் நினைத்திருப்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. புருஷன் பினாங்கு போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். பிள்ளை இல்லை. உறவென்று இருந்தது அமராவதிபுதூரில் வாழ்க்கைப்பட்ட தங்கை ஜரீனா ஒருத்திதான்.

நபீஸா பாடம் நடத்தும் விதமே தனி. பெட்பேன் பிடியில் யாரும் பார்க்காதபோது குங்குமத்தைத் தடவி வைத்துவிடுவாள். கொஞ்ச நேரம் வேலை செய்யவிட்டு எல்லாரையும் நிறுத்துவாள். கதவில் சிவப்பு, தண்ணீர்க் குவளையில் சிவப்பு, ஆயா காளியாயியின் வெற்றிலைப் பையில்கூடச் சிவப்பு.

"இது குங்குமமா இருக்கப் போயி பொழச்சீக!" என்பாள்.

அவள் போட்ட சட்டங்களில் ஒன்று எல்லாருக்கும் கசந்தது. பேதி நோயாளியைத் துடைத்தவர்கள், ஒரு வாரம் கழிகிற வரை, பலபேர் சாப்பிடும் சோற்றில் கை வைக்கக் கூடாது. எத்தனை சோப்புப் போட்டாலும் கூடாது. அதனால் காளியாயிக்கு அண்ணன் வீட்டுக் காதுகுத்து விருந்து போயிற்று.

"ஒங்களுக்கென்ன நர்சம்மா, கூப்பிட நாலு சனம் இருந்தாத்தான அந்த அரும தெரியும்" என்று முகத்துக்கு நேரே சொன்னாள். அது நபீஸாவுக்குச் சுருக்கென்று தைத்தது.

தங்கையோடும் பேச்சு நின்றிருந்த நேரம் அது. முந்தின மாதம் ஜரீனா வீட்டில் நபி புகழ் ஓதும் மவுலூது விருந்து. சகன் என்கிற பெரிய தாலத்தில் சோற்றைக் கொட்டி, நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். காலராக் காலத்தில் இது வேண்டாமே என்று நபீஸா சபையில் சொல்லப் போக, வரப்போகும் சம்பந்திகள் முன்னால் ஜரீனாவுக்கு மானம் போயிற்று.

மழைக்குப் பிறகு நோய் தணிந்தது. ஒருநாள் ஜரீனாவே ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றாள். அக்காவை அவள் லாத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

"லாத்தா, மனசுல எதையும் வச்சுக்கிறாதீக. வார வெள்ளி எம்மக ஆசியாவுக்கு நிக்காஹ். நீங்க, நான், பொண்ணு, ஒரே சகன்ல உக்காரணும்."

நபீஸாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அன்றைக்கே பெட்டியிலிருந்த பட்டுச் சேலையை எடுத்து வெயிலில் போட்டாள்.

வியாழக்கிழமை ஒரு கிழவரைத் தூக்கி வந்தார்கள். ஓய்ந்ததென்று நினைத்த அதே பேதி. வார்டில் இருந்த புது ஆயா பயந்துபோய் கதவைத் தாண்டவில்லை. நபீஸாவே துடைத்தாள், துணி மாற்றினாள், பக்கத்திலேயே இருந்தாள்.

கல்யாண வீட்டில் நெய்ச்சோறு மணத்தது. "வாங்க லாத்தா, இங்குட்டு உக்காருங்க" என்று ஜரீனா கூப்பிட, மணப்பெண் நகர்ந்து இடம் விட்டாள். யாருக்குத் தெரியப் போகிறது? ஒரே ஒரு கவளம். காரணத்தைச் சொல்லவும் வழியில்லை. காலரா என்று வாயைத் திறந்தால் பந்தியே எழுந்து ஓடும்.

"எனக்குத் தனித் தட்டுல குடுத்துரு, ஜரீனா."

ஜரீனாவின் முகம் கறுத்துவிட்டது.

"அம்மா மவுத்தானதுலருந்து நீங்க உருட்டிக் குடுத்த சோத்தத் தின்னு வளந்தவ நான். அந்தக் கைய எங்க சோத்துல வைக்க இப்பக் கூசுதாக்கும்?"

"அப்படியில்லம்மா" என்றாள் நபீஸா. தட்டு வந்தது. ஓரமாக உட்கார்ந்து, யார் முகத்தையும் பார்க்காமல் சாப்பிட்டாள்.

சில மாதம் கழித்து நேரில் போய் உள்ளதைச் சொன்னாள். ஜரீனா அரிசி புடைப்பதை நிறுத்தாமலே கேட்டாள்:

"அன்னைக்குச் சாப்பிட்ட ஒருத்தருக்கும் ஒண்ணும் வரலயே லாத்தா. அப்பறம் எதுக்குத் தனித் தட்டு?"

அதனால்தான் வரவில்லை என்று எந்தச் சபையிலும் அடித்துச் சொல்லக்கூடியவள், தங்கை முன்னால் குனிந்து, சிதறிக் கிடந்த அரிசியைப் பொறுக்கினாள். எழுபத்தெட்டில் ஓய்வு பெறும் வரை எத்தனையோ ஆயாக்களைப் பழக்கினாள். அந்த வீட்டுச் சகனில் உட்கார அவளை மறுபடி யாரும் கூப்பிடவில்லை.