சுப்பையனின் இடது காது

கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டிப் பிழைத்த சுப்பையனுக்கு நாதஸ்வரம் என்றால் உயிர். முறையாக ஒன்றும் கற்றவரில்லை. ராகத்தின் பெயர் ஒன்றுகூடத் தெரியாது. சிறு வயதில் பண்ணையத்தில் மாடு மேய்க்கையில், ஏதாவதொரு கல்யாண வீட்டு மேளம் காற்றில் வந்தால் போதும், மாடுகளை அப்படியே விட்டுவிட்டு அந்தத் திக்கில் நடந்துவிடுவார். அதற்காக அடியும் வாங்கியிருக்கிறார்.

தறிக்குடோனில் சேர்ந்தபின் நேரம் வாய்க்கவில்லை. புது வீடு கட்ட ஒரு ஷிப்டுக் கூலி போதாதென்று இரண்டு ஷிப்டு பார்த்தார். சித்திரையில் அவிநாசித் தேருக்கு ஊரே கிளம்பும்போதும், "ஊட்டு வேலை முடியட்டும், அடுத்த வருசம் போலாம்" என்பார். ஒரு தீபாவளி போனசில் டேப் ரெக்கார்டரும் ஆறு நாதஸ்வரக் கேசட்டுகளும் வாங்கினார். புது வீட்டில் உட்கார்ந்து நிம்மதியாகக் கேட்கலாமென்று, பெட்டியைப் பிரிக்காமலே அலமாரி மேல் ஏற்றிவிட்டார். நான்கு வருடம் அது அங்கேயே கிடந்தது. அதற்குள் புது வீட்டுக்குக் கூரை வந்து குடியும் போனார்கள். சுவருக்குப் பூச்சு மட்டும் வரவில்லை.

தொண்ணூற்று மூன்றாம் வருடம், வலப்பக்கம் நின்று கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதை மனைவி செவ்வந்தி கவனித்தாள். கோயமுத்தூருக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள்.

"தறிச் சத்தத்துல வலது காது போயிருச்சுங்க. இடதும் கொறஞ்சிட்டே வருது" என்றார் டாக்டர். "போனது திரும்பாதுங்க. இருக்கறதப் பத்திரமா வெச்சுக்குங்க."

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் சுப்பையன் ஸ்டூலைப் போட்டு ஏறி, அந்தப் பெட்டியை இறக்கினார். கேசட்டைப் போட்டு, ஸ்பீக்கர் அருகே இடது காதை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஒரு பக்கம் முடிந்து டேப் நின்றது. அவர் அசையவில்லை. செவ்வந்திதான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபக்கம் திருப்பிப் போட்டாள்.

மறுநாள் காலை முதலாளி சீனிவாசலுவிடம் போய் நின்றார்.

"மொதலாளி, என்னையத் துணி மடிக்கற பக்கம் மாத்தி வுடுங்க. பகல் ஷிப்டு மட்டும் போதுமுங்க."

"கூலி பாதியாப் போயிருமே சுப்பையா. ஊடு அரைகொறையா நிக்குதுன்னு சொன்னே."

"நிக்கட்டுமுங்க. ஊடு நிக்கும். காது நிக்காதுங்க."

சீனிவாசலு சரியென்று தலையாட்டினார்.

செவ்வந்தி அவ்வளவு சுலபத்தில் சம்மதிக்கவில்லை. "ஏனுங்க, பூசாத செவுத்தப் பாத்துச் சனம் என்ன பேசும்?"

"அவங்க பேசறது எனக்கு எங்க கேக்கப்போவுது, அம்மணி?"

கோபமாக இருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த சித்திரையில் இருவரும் அவிநாசியில் மூன்று நாள் தங்கினார்கள். சுவாமி புறப்பாட்டின்போது நாதஸ்வரக்காரருக்கு வலப்புறமாக, இடது காது குழலின் பக்கம் இருக்கும்படி சுப்பையன் கூடவே நடந்தார். கூட்டம் இடித்தது, காலை மிதித்தது. வாசிப்பு நின்றால் அவரும் நின்றார், நகர்ந்தால் நகர்ந்தார். புழுக்கத்தில் முனகிக்கொண்டே வந்த செவ்வந்தி, இரண்டாம் நாள் மெல்லக் கேட்டாள்.

"இது என்ன ராகமுங்க?"

"பேரெல்லாந் தெரியாது. தூரத்துல வர்ற ஆளு நம்ம ஆளுன்னு நடையிலயே தெரியுமில்ல, அப்படித்தான்."

அதன்பின் வருடம் தவறாமல் போனார்கள். காங்கேயத்தில் ஒரு கும்பாபிஷேகம், எங்கோ ஒரு வீட்டில் சீர் விசேஷம், மேளம் உண்டென்றால் சுப்பையன் அங்கிருந்தார். வீட்டுச் சுவர் செங்கல்லாகவே நின்றது. மழைக்காலத்தில் ஓதம் ஏறும். செவ்வந்தி கட்டிலை நகர்த்திப் போடுவாள்.

தொண்ணூற்றெட்டு வாக்கில் இடது காதும் மங்கியது. தவில் நன்றாகக் கேட்டது. குழலோசை, பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். இப்போதெல்லாம் யாராவது கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தால், மேளம் எத்தனை மணிக்கு என்று செவ்வந்திதான் முதலில் கேட்கிறாள்.