ஊசியக்காவின் ஃபோர்க்

ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. வாசற்படியில் குந்திக்கொண்டு, சைக்கிளின் முன்கால்கள் இரண்டையும் துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறாள் ஊசியக்கா. மேலிருந்து கீழாக ஒரு முறை, சுற்றி ஒரு முறை. பிறகு ரப்பர் சீலின் விளிம்பில் சுட்டுவிரலை வைத்து ஒரு வட்டம் தடவி, அந்த விரலைக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்க்கிறாள். மண் இருந்தால் நறநறக்கும், எண்ணெய் இருந்தால் வழுக்கும். இரண்டும் இல்லையென்று தெரிந்த பிறகுதான் ஷூ முடிச்சில் கை வைப்பாள்.

"எனக்கு மூட்டுவலின்னு மூணு வாரமாச் சொல்றேன், அதுக்கு ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது" என்று உள்ளேயிருந்து வீட்டுக்காரரின் குரல் வருகிறது.

"கழட்டிக் குடுங்க, அதையும் செஞ்சிடறேன்" என்கிறாள் இவள், தலையைத் திருப்பாமல்.

வயது நாற்பத்தெட்டு. ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பது வேலை. காலை ஏழு மணிக்கு அவள் மேசை முன்னால் ஆட்கள் கையை நீட்டி உட்கார ஆரம்பித்தால் மதியம் வரை வரிசை ஓயாது. ஊசியைக் கண்டு பயப்படுகிறவர்களிடம் மற்ற ஊழியர்கள் மழையைப் பற்றியோ பிள்ளைகளின் படிப்பைப் பற்றியோ பேச்சுக் கொடுப்பார்கள். இவள், "உங்க சைக்கிள்ல முன்னாடி சஸ்பென்ஷன் இருக்கா?" என்று ஆரம்பிப்பாள். "என்ன சைக்கிள்?" என்று அந்த ஆள் விழித்து முடிப்பதற்குள் குழாய் நிறைந்திருக்கும். பஞ்சை வைத்து அழுத்திவிட்டு, "அவ்ளோதான், எழுந்திரிங்க. சைக்கிள் இல்லைன்னா வாங்குங்க" என்று அனுப்பிவைப்பாள்.

அவளிடம் சைக்கிள் வந்ததே ஒரு டாக்டரால்தான். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, தினமும் நடக்கணும் என்று சொல்லிவிட்டார். "நடந்தேன். ஒரே தெரு, ஒரே நாய். எத்தனை நாளைக்குத்தான் அந்த நாயும் என்னையே பார்த்துக்கிட்டிருக்கும்?" அந்தச் சமயம் பார்த்து, பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த ஒருவர் வெளிநாடு போகும்போது தன் மலைப்பாதை சைக்கிளை இவள் தலையில் கட்டிவிட்டுப் போனார். சாதாரண சைக்கிளில் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை வெறும் குழாய்தான். இதில் அந்தக் கவைக்கு ஃபோர்க் என்று பெயர். உள்ளே ஒரு காலில் காற்று, இன்னொரு காலில் எண்ணெய், இரண்டும் கசியாமல் இறுக்கிப் பிடிக்க சீல் எனப்படும் ரப்பர் வளையங்கள். கல்லின்மேல் சக்கரம் ஏறினால் ஃபோர்க் அமுங்கிக்கொடுத்து, நிதானமாக எழுந்துகொள்ளும். முதன்முதலாக ஒரு கரட்டுச் சரிவில் இறங்கியபோது, தன் கைக்கு வரவேண்டிய அடியையெல்லாம் வேறு யாரோ வாங்கிக்கொள்வதைப்போல இருந்ததாம். "என் ஆயுசுல எனக்காக இப்படி யாரும் அமுங்கிக் குடுத்ததில்ல" என்பாள், வீட்டுக்காரர் காதில் விழும்படி.

ஃபோர்க்கின் ஒரு காலில் மெல்லிய ரப்பர் வளையம் ஒன்று மாட்டியிருக்கிறது. அதைக் கீழே தள்ளிவிட்டு, சைக்கிளில் ஏறி உட்கார்ந்து இறங்கினால், நம் எடைக்கு ஃபோர்க் எவ்வளவு அமுங்கியது என்று வளையம் நின்ற இடம் காட்டிவிடும். அதைப் பார்த்துக் காற்றைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். "எடை பாக்குற மெஷினாவது அப்பப்ப நம்ம பக்கம் பேசும். இது பேசாது" என்பது அவள் கட்சி. வீட்டுக்காரர் பேக்கரியில் வேலை செய்கிறவர். விடியுமுன் போய் மதியம் திரும்பும்போது மீந்த கிரீம் பன்களைப் பையில் கொண்டுவருவார். ஒரு மாதம் தொடர்ந்து தின்றதில் வளையம் ஒரு விரற்கடை மேலே ஏறிவிட்டது. "உங்க பன்னுக்காக நாலு பம்ப் காத்து கூட அடிச்சேன்" என்று பையைத் திருப்பிக் கொடுத்தாள். அதுமுதல் பாதி பன்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளோடு மலைக்குப் போகும் கூட்டத்தில் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் அவள் ஊசியக்கா. புறப்படுமுன் ஒவ்வொரு சைக்கிளின் ஹேண்டில்பாரையும் பிடித்து ஒருமுறை அமுக்கி, காதைச் சாய்த்துக் கேட்பாள். "சுருக்சுருக்குன்னு இழுக்குதே, எத்தனை மாசமாச்சு தொறந்து?" என்று கேட்டால் பெரிய பதவியில் இருக்கிறவர்கள்கூடப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப்போல மென்று விழுங்குவார்கள். அவளுடைய ஃபோர்க்கில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். ரத்தக் குழாயில் ஒட்டுகிற அதே சீட்டு. 'பெயர்: ஃபோர்க். வயது: ஏழு. கடைசியாகத் திறந்தது' என்று தேதி போட்டு, அடியில் அவள் கையெழுத்து.

இந்தக் கரிசனம் தொடக்கத்திலிருந்தே இருந்ததல்ல. முதல் இரண்டு வருஷம் சைக்கிளைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி மூலையில் சாத்துவதோடு சரி. உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்தே பார்த்ததில்லை. அதற்குப் பலன் கிடைத்த நாள்தான் அவள் தங்கை கண்ணாடிக் கடை திறந்த நாள்.

தங்கை கண் பரிசோதிக்கப் படித்தவள். பத்து வருஷம் பிறர் கடையில் நின்றுவிட்டுச் சொந்தமாகக் கடை போட்டாள். பத்தரை மணிக்குத் திறப்பு. அக்கா கையால்தான் கதவைத் திறக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அக்காவோ, காலையில் ஒரு சின்னச் சுற்று சுற்றிவிட்டு ஒன்பது மணிக்கு வந்துவிடலாம் என்று மலைக்குப் போனாள். உச்சியில், காய்ந்து வெடித்திருந்த சீல் வழியாக ஃபோர்க்கின் காற்று மொத்தமும் இறங்கிவிட்டது. சைக்கிள் மூக்கு குப்புற நின்றது. ஏறி உட்கார்ந்தால் தலைகீழாகத் தள்ளிவிடும்போல இருந்தது. அலைபேசிக்குச் சிக்னல் இல்லை. தள்ளிக்கொண்டே இறங்கி அவள் கடைக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்று. முழங்கால் வரை சேறு. வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். தங்கை காலி நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு நான் முக்கியமா, அந்த இரும்பு முக்கியமா?" என்று கேட்டாள் தங்கை.

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள் அக்கா. ஐந்து மணி நேரம் நடந்த களைப்பில் வாய் தன் போக்கில் போய்விட்டது. "இரும்பு இல்ல, அலுமினியம்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்கு இரண்டு வருஷம் பேச்சில்லை. நாலைந்து முறை போன் செய்து பார்த்தாள். எடுக்கவில்லை என்றதும் இவளுக்கும் வீம்பு வந்துவிட்டது. கடைத் திறப்புக்கு மறுநாள் சைக்கிள் கடைக்காரர் ஃபோர்க்கைப் பிரித்துக் கீழே கவிழ்த்தபோது தாரைப்போலக் கறுப்பாக ஏதோ ஒழுகியது. "அக்கா, இதை ஒருதடவைகூடத் தொறக்கலையா?" என்று அவர் கேட்டதைவிட, கேட்டுவிட்டு முகத்தைப் பார்க்காமல் இருந்ததுதான் அவளைச் சுட்டது. அன்றைக்கே அவரிடம் உட்கார்ந்து வேலையைக் கற்றுக்கொண்டாள். அதிலிருந்து ஃபோர்க்கை வேறு யார் கையிலும் கொடுப்பதில்லை.

போன மாதம் ஒரு விடுமுறை நாள். சாப்பாட்டு மேசையில் பழைய போர்வையை விரித்து ஃபோர்க்கைக் கிடத்தியிருந்தாள். வீட்டுக்காரர் உள்ளறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பிரித்து, துடைத்து, புது சீல் போட்டு, கீழ்க்கால்களை மேல்குழாய்களின்மேல் பாதிவரை ஏற்றியாகிவிட்டது. இனி ஃபோர்க்கைத் தலைகீழாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, கீழ்க்கால்கள் உரசாமல் வழுக்குவதற்காக, அடியிலுள்ள துளைகள் வழியாகக் காலுக்கு எட்டு மில்லி எண்ணெய் விடவேண்டும். ஒரு கால் முடிந்தது. இன்னொரு காலுக்குச் சாய்க்கும்போது மொத்தமும் வழுக்க ஆரம்பித்தது. அக்குளில் இடுக்கினாள், முழங்காலால் முட்டுக்கொடுத்தாள், பல்லால் மட்டும் பிடிக்கவில்லை.

அந்த நேரத்தில், சாத்தியிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு தங்கை உள்ளே வந்தாள்.

வீட்டுக்காரர் தன் மூக்குக்கண்ணாடியைத் திருட்டுத்தனமாகக் கொழுந்தியாள் கடையில்தான் சரிசெய்துகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. அதைக் கொடுக்கத்தான் வந்திருந்தாள். அக்கா வேலைக்குப் போயிருப்பாள் என்று அவர்தான் சொல்லியிருந்தார். அது மறதியா, வேண்டுமென்றே செய்ததா என்று இன்றுவரை தெரியாது. கேட்டால் கொட்டாவி விடுகிறார்.

தங்கை வாசலிலேயே நின்றுவிட்டாள். கையில் கண்ணாடிக்கூடு. முகம் இறுகியிருந்தது. "அத்தான் இல்லையா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"பிடிடி!" என்றாள் அக்கா.

"என்னது?"

"விழுது! பிடிடி இதை!"

கைப்பை ஒரு பக்கம், கண்ணாடிக்கூடு ஒரு பக்கம் போக, தங்கை பாய்ந்து பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் மூச்சு வாங்கியபடி ஃபோர்க்கின் இரண்டு பக்கமும் நின்றார்கள். கோபத்தைத் தொடர்வதற்கு அவர்களிடம் கை இல்லை.

"அப்படியே வச்சுக்க. அசையாதே" என்று சொல்லிவிட்டு அக்கா சிரிஞ்சில் எண்ணெயை இழுத்தாள். இழுத்ததைக் கையை முழுக்க நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்துப் பார்த்தாள்.

தங்கையின் கண் அந்த நீட்டிய கையிலேயே நின்றது. "எவ்ளோ விடணும்?"

"எட்டு."

"அதுல பத்து இருக்கு."

"எட்டுதான்."

"அக்கா, பத்து!"

அக்கா என்று வாய்தவறிச் சொல்லிவிட்டுத் தங்கை உதட்டைக் கடித்துக்கொண்டாள். அக்கா இரண்டு மில்லியைத் திரும்பப் புட்டியில் விட்டாள்.

"இந்தக் கண்ணை வச்சுக்கிட்டா ஜனங்களுக்கு ஊசி போடறே?"

"நரம்பைக் கண்ணால தேடறவ கத்துக்குட்டி. விரலால தேடணும்."

"அப்போ சீட்டுல பேரை யாரு படிக்கிறா? விரலா?"

"பக்கத்து மேசைப் பொண்ணு."

தங்கை சிரிப்பை அடக்குவதற்காகக் குனிந்தாள். குனிந்த இடத்தில் அவள் பார்வை கூர்மையாயிற்று. "இந்தக் கறுப்பு வளையத்துக்கு அடியில என்ன, நூல் மாதிரி?"

அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள், விரித்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. விரலால் தடவினாள், விரலுக்கும் அகப்படவில்லை. "நல்லாப் பாரு, இருக்கா? சீலுக்கு அடியில நூல் இருந்தா அது வழியா எண்ணெய் கசியும், மண்ணு உள்ள போகும்."

"இருக்கு. வெள்ளை நூல். போர்வையில இருந்து வந்திருக்கும்."

"போச்சு. இப்போதான் எண்ணெய் விட்டோம்."

"போனாப் போகுது. கழட்டு."

கழற்றினார்கள். விட்ட எண்ணெய் அத்தனையும் தட்டில் வடிந்தது. தங்கை தன் கைப்பையைத் துழாவி, பொடி இடுக்கி ஒன்றையும் கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியையும் எடுத்தாள். சீலைச் சன்னல் பக்கம் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அரை விரல் நீள நூலை உருவி எடுத்துத் துணியில் வைத்துக் காட்டினாள். அக்கா அதைக் கையை நீட்டிப் பார்த்தாள்.

"அன்னைக்கும் இப்படித்தானா? நூலா?" என்று கேட்டாள் தங்கை, துணியை மடித்தபடி.

"இல்ல. அன்னைக்கு நான்தான். ரெண்டு வருஷமாத் தொறந்தே பார்க்கல. அதுவும் போகட்டும், அன்னைக்கு மலைக்கே போயிருக்கக் கூடாது. போனவ, வந்ததும் உன் கையைப் பிடிச்சு அழுதிருக்கணும். அலுமினியம்னு சொல்லியிருக்கவே கூடாது."

தங்கை மடித்த துணியைக் கைப்பைக்குள் போட்டாள். பிறகு, "கடையில யாராச்சும் அலுமினிய ஃப்ரேம் கேட்டா எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வரும், தெரியுமா? இல்லைன்னே சொல்லி அனுப்பிடுவேன். அலமாரி நிறைய இருக்கு" என்றாள்.

அக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது, இரண்டும் சேர்ந்து வந்ததில் மூக்கைத் துடைக்கப்போய்க் கிரீஸை மூக்கில் அப்பிக்கொண்டாள். அந்தச் சத்தத்தில் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். இருவரையும் பார்த்தார், மேசையைப் பார்த்தார். "டீ போடவா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அடுப்படிக்குள் போய்விட்டார்.

இரண்டாவது முறை எண்ணெயை அளந்தது தங்கை. காலுக்கு எட்டு, ஒரு துளி கூடவில்லை குறையவில்லை. போல்ட்டை முறுக்கியது அக்கா. கூடத்தின் நடுவில் சைக்கிளை நிறுத்தி, ஃபோர்க்கையும் சக்கரத்தையும் மாட்டி, தங்கையை ஹேண்டில்பாரைப் பிடித்து அமுக்கச் சொன்னாள். ஃபோர்க் சத்தமில்லாமல் இறங்கி, சத்தமில்லாமல் எழுந்தது. தங்கை இன்னொரு முறை அமுக்கினாள். அப்புறம் இன்னொரு முறை. "நல்லாத்தான் இருக்கு" என்று ஒத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊசியக்கா தான் எப்போதும் இறங்கித் தள்ளிக்கொண்டு போகும் பாறைச் சரிவில் காலை ஊன்றாமல் இறங்கினாள். கீழே வந்ததும் தங்கைக்குப் போன் செய்து, "ஒரு சொட்டுக் கசியல!" என்று கத்தினாள். "கத்தாதே, கடையில ஆள் இருக்காங்க. புதன்கிழமை வந்து கண்ணைக் காட்டு. வரலைன்னா நானே ஆஸ்பத்திரிக்கு வந்து வரிசையில நின்னு மானத்தை வாங்குவேன்" என்றாள் தங்கை.

புதன்கிழமை போனாள். உயரமான நாற்காலியில் அவளை உட்காரவைத்து, கனத்த சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, வில்லைகளை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்தாள் தங்கை. "இது நல்லாருக்கா, இது நல்லாருக்கா? சரியாச் சொல்லு, உத்தேசமாச் சொல்லாதே." நான்காவது வில்லை விழுந்ததும் அக்கா தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ரேகைகள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. தங்கை எழுத்து அட்டையை அவள் கையில் கொடுத்து, முகத்துக்கு நேராகக் குனிந்து, "ம், கடைசி வரியைப் படி" என்றாள்.

ஊசியக்கா அட்டையை மடியில் வைத்தாள். தங்கையின் முகவாயை இரண்டு விரலால் பிடித்து, அந்த முகத்தை நன்றாகப் பார்ப்பதற்காக மெல்ல விளக்கின் பக்கம் திருப்பினாள்.