பழுதென்று திருப்பி அனுப்பிய ஊசி

போன வருடம், வாடைக்காற்று ஓய்ந்து கடல் அடங்கத் தொடங்கிய நாட்களில், திருகோணமலையில் எங்கள் மகளின் பிரசவத்தின்போது நடந்தது இது. இப்போது வீட்டில் எல்லோரும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

மகளுக்குச் சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து, இதயத்தின் ஒரு வால்வு சுருங்கிவிட்டது. கடைசி மாதத்தில் மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியேதான் தூங்குவாள். சத்திரசிகிச்சை செய்துதான் பிள்ளையை எடுக்க வேண்டும் என்று முடிவானது. மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர், ஒரு பெண், எங்களைக் கூப்பிட்டு விளங்கப்படுத்தினார். இவளுக்கு முழு மயக்கம் கொடுப்பதும் ஆபத்து. வழக்கமாகச் செய்வதுபோல முதுகில் ஒரே தடவையாக மருந்தை ஏற்றினாலும் இரத்த அழுத்தம் சட்டென்று விழும், இந்த இதயம் அதைத் தாங்காது. ஆகவே முதுகில் எபிடியூரல் ஊசியை ஏற்றி, அதற்குள்ளால் நூல் போன்ற குழாயைச் செலுத்தி, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். அந்த வாரம் பார்த்து ஆஸ்பத்திரியில் அந்த ஊசி முடிந்திருந்தது.

"வெளியில ரெண்டு எடுப்பியுங்கோ. ஒண்டு பிழைச்சால் மற்றது கையில இருக்கவேணும்" என்றார்.

நகரத்தில் ஒரு மருந்துக்கடையிலும் இல்லை. கொழும்பில் இருக்கும் என் தம்பி தேடி அலைந்து இரண்டு வாங்கி, இரவு பஸ்ஸில் கொடுத்துவிட்டான். காலையில் நான் மகளோடு ஆஸ்பத்திரியில் நிற்க, பார்சலை எடுக்கக் கணவர் பஸ் நிலையத்துக்குப் போனார். அவரை அனுப்பியதுதான் வினை.

என் கணவர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில், வந்து இறங்கும் சரக்கைப் பொறுப்பெடுப்பவர். பெட்டியைத் திறந்து பார்க்காமல் எதிலும் கையெழுத்து வைக்க மாட்டார். மாதிரிக்கு ஒன்றைத் திறப்பார். அது பழுதென்றால் அந்தத் தொகுதி முழுவதையும் திருப்பி அனுப்பிவிடுவார். வீட்டிலும் இதே கதைதான். முட்டை வாங்கினால் கடை வாசலில் நின்று ஒவ்வொன்றாக வெயிலுக்குப் பிடித்துப் பார்ப்பார். குடை வாங்கினால் கடைக்குள்ளேயே விரிப்பார், பக்கத்தில் நிற்பவர் விலக வேண்டும். பெட்டி உடைக்கும் பேனாக்கத்தி எப்போதும் சட்டைப்பையில் இருக்கும்.

வார்ட்டுக்கு வெளியே என்னைக் கூப்பிட்டு, தான் முகம் துடைக்கும் லேஞ்சியை விரித்துக் காட்டினார். அதற்குள் உறையைப் பிரித்தெடுத்த ஒரு ஊசி கிடந்தது.

"இஞ்ச பாரும், உம்மட தம்பி அனுப்பின சாமானை. முனை வளைஞ்சு கிடக்கு. கூரும் இல்லை. ஓட்டைக்குள்ள கம்பியை விட்டு அடைச்சும் கிடக்கு. அளவுக்கோடு மட்டும் திறமாய் அடிச்சிருக்கிறாங்கள்."

"மற்றது எங்க?"

"அதையும் திறக்கிறது என்னத்துக்கு? ரெண்டும் ஒரே தொகுதிதானே. கொழும்புக்குப் போற பஸ்ஸில ஏத்திவிட்டிட்டன். உம்மட தம்பி கடையில குடுத்து நல்லதா மாத்தி அனுப்பட்டும்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த ஊசியை வாங்கி யன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். முனை உண்மையாகவே ஒரு பக்கம் சாய்ந்து, குருவிச் சொண்டு போல இருந்தது. "ஓமப்பா, வளைஞ்சுதான் கிடக்கு" என்றேன். அதோடு விட்டேனா? தம்பிக்கு அழைப்பெடுத்து, அவனை ஒரு வார்த்தை பேச விடாமல் திட்டித் தீர்த்தேன். பத்திரிகையைத் திறந்தால் தரம் குறைந்த மருந்து, காலாவதியான மருந்து என்றே செய்தி வருகிற காலம். கணவர் திறந்து பார்த்தது புத்தி என்றுகூட நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து டொக்டர் வந்தார். லேஞ்சியைப் பார்த்தார். முகம் மாறியது.

"இதை ஆர் திறந்தது?"

"நான்தான் டொக்டர்" என்றார் கணவர், பெருமையோடு. "நல்லகாலம் திறந்து பார்த்தனான். முனை வளைஞ்ச ஊசி."

டொக்டர் பக்கத்திலிருந்த கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா, அது வளைஞ்ச ஊசியில்லை. வளைச்ச ஊசி. கூராய், நேராய் இருந்தால் உள்ளுக்கிருக்கிற சவ்வையும் குத்திக் கிழிச்சுப்போடும். அதுக்காகத்தான் முனையை மழுக்கி வைச்சிருக்கு. உள்ளால விடுற குழாய் அந்த வளைவிலதான் திரும்பி மேல போகும். கம்பி அடைப்பில்லை. போற வழியில சதை போய் ஊசியை அடைக்காமல் இருக்கத்தான் அந்தக் கம்பி. உள்ள போனதும் நாங்கள் அதை எடுத்துவிடுவம்."

கணவர், நம்பமாட்டீர்கள், "அப்ப வடிவாய்க் கழுவி, கொதிதண்ணியில போட்டெடுத்தால்?" என்று கேட்டார்.

"நரம்புக்குப் பக்கத்தில போற சாமானை லேஞ்சியில சுத்திக் கொண்டு வந்திருக்கிறியள். அது இனிக் குப்பைக்குத்தான். மற்றது எங்க?"

பஸ்ஸில் போகிறது என்று நான்தான் சொன்னேன். டொக்டர் கண்ணை மூடித் திறந்தார்.

"பின்னேரத்துக்குள்ள அது இஞ்ச வரவேணும். பிள்ளைக்குப் பிரசவ நோ துவங்கிச்சுதெண்டால் அதுக்குப் பிறகு நான் நினைச்ச மாதிரிச் செய்யேலாது."

உள்ளேயிருந்து மகள் சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கி, "அம்மா, ஊசி வந்திட்டுதோ?" என்றாள்.

"ஓம் ராசாத்தி, வருது" என்றேன். கொழும்புப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

சரக்கை அனுப்பினால் கொண்டுபோகிறவரின் தொலைபேசி இலக்கத்தை வாங்காமல் விடமாட்டார் என் கணவர். அவருடைய பழக்கங்களில் அன்று உதவியது அது ஒன்றுதான். அவர் கையிலிருந்த போனைப் பறித்து நானே எடுத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. திரும்ப எடுத்தேன். அதுவும் நின்றது. அதற்குப் பிறகுதான் கொண்டக்டர் குரல் கேட்டது. பஸ் கந்தளாயை நெருங்கிக்கொண்டிருந்தது.

"காலையில ஒரு ஐயா தந்த பார்சலோ? பழுதுச் சாமான், கட்டாயம் திருப்பிக் குடுக்கவேணும் எண்டு என்னை வெருட்டியெல்லோ ஏத்தினவர்."

"பழுதில்லை தம்பி. அது இல்லாட்டி என்ர பிள்ளை..." சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"அழாதேங்கோ அக்கா. கந்தளாயில எதிர்ப் பஸ்ஸை மறிச்சுக் குடுத்துவிடுறன். ஆனால் ஒண்டு, அந்த ஐயாவை வாங்க விடாதேங்கோ."

நான் பஸ் நிலையத்துக்குப் போனேன். உதவிக்கு வந்திருந்த என் தங்கையை மகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் போனேன். அவரும் பின்னால் வந்தார், வர வேண்டாம் என்று நான் சொல்லியும் கேட்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பஸ்ஸாக வந்தது, எங்களுடையது மட்டும் வரவில்லை. "பஸ்ஸின்ர நம்பரைக் கேட்டனீரோ?" என்றார். நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடைசியில் அந்தப் பஸ் வந்தது. கொண்டக்டர் மிதிபலகையில் நின்றபடியே பார்சலை நீட்டினார். முன்னால் நின்ற கணவர் எட்டி வாங்கினார். வாங்கியதும் அவருடைய பெருவிரல் உறையின் மூலையைத் தேடியது. மற்றக் கை சட்டைப்பைக்குப் போனது.

"தொடாதேங்கோ!"

பஸ் நிலையமே திரும்பிப் பார்த்தது. நான் அப்படிக் கத்தியதை அவர் கல்யாணம் கட்டிய நாளிலிருந்து கேட்டதில்லை. கொண்டக்டர் பின்வாங்கி, "என்னக்கா, உள்ளுக்குப் பாம்போ?" என்றார்.

கணவர் தன் கையையே, வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டு நின்றார். பார்சலை என்னிடம் தந்தார். பிறகு பேனாக்கத்தியையும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நேரே ஓட்டோவில் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்தோம்.

அன்று பின்னேரம் மகளுக்கு அந்த ஊசியைத்தான் ஏற்றினார்கள். முதல் தரமே சரியாகப் போய்விட்டது என்று டொக்டர் வெளியே வந்து சொன்னார். மகளின் மூச்சும் அழுத்தமும் கடைசிவரை குழம்பவில்லை. பெண் குழந்தை. தம்பிக்கு அழைப்பெடுத்து மன்னிப்புக் கேட்டேன். "இப்பவாவது என்னைக் கதைக்க விடுறியளோ?" என்றான். அன்று அவன் பேசியதையெல்லாம் நான் வாய் திறக்காமல் கேட்டேன்.

திறந்த ஊசி இன்னும் எங்கள் அலுமாரியில் இருக்கிறது. யாராவது வந்தால் கணவர் அதை எடுத்து வந்து, தானே செய்ததுபோல, "இந்த வளைவு என்னத்துக்குத் தெரியுமோ?" என்று வகுப்பெடுப்பார். கோபம் கோபமாக வரும். அடுப்பைப் பார்க்கும் சாட்டில் எழுந்து குசினிக்குப் போய்விடுவேன். அவரைத் திட்டுவது எனக்குச் சுகம். ஆனால் என் பிள்ளை போன்ற ஒருத்திக்காக யாரோ யோசித்து யோசித்து வளைத்த முனையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருவரிடமும் ஒன்றும் கேட்காமல், பழுது என்று நானும்தான் சொன்னேன் என்பது, பேத்தி தவழ்ந்து வந்து என் மடியில் ஏறும் ஒவ்வொரு முறையும் நினைவுக்கு வருகிறது.