எழிலின் கை நிதானத்துக்கு வந்த கதை

ஆனைக்குட்டம் சங்கிலிமுத்து, சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கம்பி மத்தாப்புக்கு மருந்து முக்குகிறவர். வேலை விட்டு வந்தால் முழங்கை வரைக்கும் அலுமினியப் பொடி மினுங்கும். மகள் எழில் காலேஜ் படிக்கும்போது அவளுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. காபித் தம்ளரைத் தூக்கினால் பாதி தரையில். பிறகு பேச்சும் குழறியது.

“எம்மேல ஒட்டி வந்த மருந்துதான் பிள்ளை மூளைக்குப் போயிருச்சு” என்று அவரே முடிவு கட்டிவிட்டார். செம்புத் தண்ணீர் உடம்பு விஷத்தை முறிக்கும் என்று யாரோ சொல்ல, புதுச் செம்புக்குடம் வாங்கி, தினமும் காலையில் தன் கையாலேயே குடிக்கவைத்தார். நடுக்கம் கூடிக்கொண்டே போனது.

மதுரையில் டாக்டரம்மா எழிலின் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். கருவிழி ஓரத்தில் பழுப்பாக ஒரு வளையம். ரத்தம், மூத்திரம் எல்லாம் சோதித்தார்.

“இது வில்சன் நோய். சாப்பாட்டுல வர்ற செம்பை வெளியே தள்ளுற சக்தி இவ உடம்புக்குப் பிறவியிலயே கம்மி. அது ஈரல்லயும் மூளையிலயும் தங்கிருச்சு.”

“அப்ப எங் கம்பெனி மருந்து இல்லையாம்மா?”

“இல்லைங்க. அந்தக் குடத்துத் தண்ணியை மட்டும் நிறுத்திருங்க.”

வெளியே வந்ததும் மனைவி சோலையம்மாள் பிடித்துக்கொண்டாள். “செம்பு ஆகாத பிள்ளையாப் பாத்து, குடத்தோட ஊத்திருக்கீகளே!”

உடம்பில் சேர்ந்த செம்பை மூத்திரத்தில் இறக்க ஒரு மாத்திரை. புதிதாகச் செம்பு ஏறாமல் தடுக்கப் பின்னால் துத்தநாக மாத்திரை. ஈரல், கடலை, சாக்லேட் கிடையாது. நடுக்கம் மெல்ல மெல்லத்தான் அடங்கியது. பேச்சு தெளிந்தது. கல்யாணமும் ஆனது.

எழில் மாசமானதும் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். “வயித்துப் பிள்ளைக்கு ஆகாது, மாத்திரையை நிறுத்து.”

சங்கிலிமுத்து எழுந்து நின்றார். “ஒருக்கா ஊர் பேச்சக் கேட்டது போதும். டாக்டரம்மா சொல்லாம ஒரு மாத்திரை நிக்காது!”

டாக்டரம்மா அளவை மாற்றினாரே தவிர நிறுத்தவில்லை. சாத்தூர் ஆஸ்பத்திரியில் பேத்தி பிறந்தாள், நல்ல எடையில்.

நாலு மாதம் கழித்து ஒருநாள், குழந்தை தூக்கத்தில் தன் முகத்தைத் தானே கீறிக்கொண்டது. எழில் நகவெட்டியை எடுத்தாள். சங்கிலிமுத்துவுக்குத் திக்கென்றது.

“தாயி, அம்மா வெட்டட்டுமே...”

“நீங்க பிள்ளை கையைப் பிடிங்கப்பா.”

பிடித்தார். எழில் மூச்சுக்கூட விடாமல் ஒரு சின்ன நகத்தை நறுக்கினாள். அடுத்ததையும் நறுக்கினாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

“ஆட்டாதீகப்பா! நீங்கதான் நடுங்குறீக!”

சோலையம்மாள் சிரித்த சிரிப்பில் பேத்தி முழித்துக்கொண்டாள். நகம் வெட்டிய பிஞ்சுக் கையால் தாத்தாவின் மீசையை எட்டிப் பிடித்து இழுத்தாள். அவர் விடுவித்துக்கொள்ளவே இல்லை.