டபுள் எக்ஸ்எல் சாம்பிள்

வயித்தைச் சுருக்குற ஆபரேஷன் பண்ணினதுல இருந்து அரை இட்லிக்கே எனக்கு வயிறு நெறஞ்சுடுதுங்க. ஊட்டுல மட்டும் இன்னும் பழைய அளவுலயே டிபன் கேரியர் கட்டித் தர்றாங்க.

பனியன் கம்பெனில மச்சினனும் நானும் ஒண்ணாத்தான் சாப்பிடுவோம். நான் அரை இட்லியை மென்னுட்டே இருப்பேன்.

"வீணாக்கக் கூடாதுங்க மாமா"ன்னு மிச்சத்தைப் பூரா அவன் காலி பண்ணுவான். கறிக்கொழம்போட! நான் பாத்துட்டே இருப்பேன்.

இன்னைக்கு கட்டிங் மாஸ்டர் டபுள் எக்ஸ்எல் சாம்பிள் பனியனோட வந்தாரு. எப்பவும் அதை நான்தான் போட்டுக் காட்டுவேன். கையை நீட்டுனேன்.

"உங்களுக்கு இனி தொளதொளன்னு இருக்குமுங்க"ன்னு மச்சினன்கிட்டக் குடுத்துட்டாரு.

அவனுக்குக் கச்சிதமா இருந்துச்சு.

"இளைச்சுட்டீங்க மாமா, பொறாமையா இருக்குதுங்க"ன்னு தொப்பையைத் தடவிக்கிட்டே சொல்றான்.

அந்தத் தொப்பை பூரா என்னோட இட்லிங்க! எனக்கு வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்க.