விரலுக்கு அகப்படாத முத்திரை

தம்பி கிளைவைப் பற்றி யார் கேட்டாலும் இசபெல் ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள்: ஹட்டனில் அச்சகத்தில் வேலை செய்தவன், தேயிலைத் தோட்டத்தில் யாரும் கண்டிராத பழைய சுரங்கப் பங்குப் பத்திரங்கள் சேர்த்து வைத்திருக்கிறான்.

அவள் ஐந்தாம் வகுப்போடு கொழுந்தெடுக்கப் போனவள். பத்திரங்களில் இருந்த இங்கிலீசு தெரியாது. அவன் சொன்னதெல்லாம் மனப்பாடம். அவர்களுடைய பூட்டனும் பூட்டனின் தம்பியும் ஒரே நாளில் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். ஒருவர் கண்டிச் சீமைக்கு, மற்றவர் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு. சுரங்கத்துக்குப் போனவரைப் பற்றி அதன்பின் பேச்சுமூச்சே இல்லை. அதனால்தான் கிளைவ், அங்கே குழி தோண்டி எப்போதோ கலைந்துபோன கம்பனிகளின் பத்திரங்களாகத் தேடிப் பிடித்தான்.

"பங்கு வாங்குன தொர பேரெல்லாம் இருக்குக்கா. எறங்கி வெட்டுனவங்க பேரு ஒன்னுலயும் இல்ல" என்பான்.

இரத்தத்தில் சீனி ஏறி, அந்த வருத்தத்தில் கண் போய், அக்காவின் லயத்து வீட்டுக்கே வந்த பிறகும் அவன் அவற்றை விடவில்லை. ஒவ்வொரு பத்திரத்தின் மூலையிலும் கம்பனி முத்திரை தாளில் அழுத்தி மேடாக எழுப்பப்பட்டிருக்கும். சுட்டுவிரலால் தடவியே எந்தக் கம்பனி என்று சொல்லிவிடுவான்.

ஐப்பசி மழையில் அவனை டிக்கோயா ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சிறுநீரகம் இரண்டும் பழுது.

"கூரை ஒழுகும்க்கா. பத்திரம் நனையாம பாத்துக்க. வரும்போது எடுத்துட்டு வா, ஒருக்கா தடவிப் பாக்கணும்" என்றான்.

இசபெலுக்கு ஒரே வழிதான் தெரியும். அம்மாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், எல்லாவற்றையும் மழைக்குப் பயந்து லெமினேட் செய்து வைத்திருப்பவள் அவள். பத்திரங்களை நெஞ்சோடு அணைத்தபடி பஸ் ஏறி, ஹட்டனில் போட்டோ கொப்பி எடுக்கும் கொமினிகேஷன் கடையில் லெமினேட் செய்யக் கொடுத்தாள்.

"எல்லாமேவா அக்கா?" என்றாள் கடைப்பெண் பிரேமினி.

"ஒன்னு விடாம. ஓரம் கோணாம வெட்டும்மா. என் தம்பி சாமான்."

ஆஸ்பத்திரியில், "இனி தண்ணியில முக்குனாலும் ஒன்னும் ஆகாதுடா" என்று மேலே இருந்ததை அவன் கையில் வைத்தாள்.

விரல் மூலைக்குப் போனது. வழுக்கியது. மற்ற மூலைகளுக்கும் போய்த் தேடியது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்குக்கு அடியில் முத்திரை நசுங்கித் தட்டையாகிக் கிடந்தது.

"எல்லாத்தையுமாக்கா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "பிச்சு எடுத்துரவாடா?"

"பிச்சா தாளும் சேந்து வரும். விடு." அவன் சிரிக்கப் பார்த்தான். "இனி ஒன் கல்யாணப் படத்தக் குடுத்தாலும் நான் கோலாருன்னுதான் சொல்லணும். அழாதக்கா. நீ பாத்துச் சொல்லு."

அவள் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். இதில் சுற்றிலும் பூவேலை, இதில் ஒரு பெரிய சக்கரம், கீழே துரையின் கையெழுத்து. அவன் 'ம்' கொட்டினான். எந்தக் கம்பனி என்று ஒன்றுக்கும் சொல்லவில்லை. விரல் மட்டும் முதல் பத்திரத்தின் மூலையிலேயே நின்றது.

மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்கு முன்பே கிளைவ் போய்விட்டான். கூரை இன்னும் ஒழுகுகிறது. பத்திரங்கள் நனையவில்லை.