அக்காவுக்குக் கொடுத்த ஹார்மோன் மாத்திரை

அக்காவுக்கு அல்சைமர் நோய் என்று தெரிந்தபோது அவள் வேலையிலிருந்து ஓய்வுகூடப் பெறவில்லை. பினாங்கு துறைமுக அலுவலகத்தில் கிராணி, எழுத்தர் வேலை. ஒருநாள் அலுவலகத்துக்குப் போவதற்குப் பதிலாக ஃபெரி ஏறி அக்கரையிலுள்ள பட்டர்வொர்த்துக்குப் போய், திரும்பும் வழி தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மாதவிலக்கு நின்ற பெண்களுக்குக் கொடுக்கும் ஈஸ்ட்ரோஜன் ஞாபகசக்தியையும் காக்கலாம் என்று வெளிநாடுகளில் ஆராய்வதாக அத்தான் எங்கோ படித்துவிட்டு வந்தார். நானும் அவர்களுடன் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன்.

"இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாது," என்றார் அவர்.

"வேற மருந்து இருக்கா டாக்டர்?" என்றார் அத்தான்.

இல்லையென்று சொல்லி, டாக்டரம்மா ஈஸ்ட்ரோஜன் மாத்திரையையே எழுதிக் கொடுத்தார். மறுபடி மாதவிலக்கு போல இரத்தப்போக்கு வரலாம் என்றும் எச்சரித்தார். அத்தான் சரி சரி என்று தலையாட்டினார்.

சில வாரங்களில், என் பெயரை மறந்திருந்த அக்கா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "பாத்தியா, மருந்து கேக்குதுலா!" என்று அத்தான் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பிறகு ஒரு காலை, குளியலறைத் தரையில் அக்கா உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். புடவையில் இரத்தம். நான் தூக்கப் போனேன்.

"இந்த மாசமும் தங்கலடி," என்றாள்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. கல்யாணமான புதிதில் மாதாமாதம் அவள் அழுத அழுகை எனக்குத் தெரியும். அதையெல்லாம் எப்போதோ கடந்துவிட்டாள் என்றுதான் நினைத்திருந்தோம்.

அடுத்த மாதமும் அதே அழுகை. அத்தான் ஈரத்தரையிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "அடுத்த மாசம் பாக்கலாம்மா," என்றார். அந்த நாட்களிலும் இப்படித்தான் சொல்லியிருப்பார் போலும். வெளியே வந்ததும், "போதும். இனிமே அந்த மாத்திரை வேணாம்," என்றார்.

அக்கா படிப்படியாக எங்கள் எல்லோரையும் மறந்து, பேச்சையும் மறந்து, கடைசியில் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகுதான் பெரிய ஆராய்ச்சிகளின் முடிவு வந்தது. அந்த நோய் வந்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனால் பயன் இல்லையாம். டாக்டரம்மா சொன்னதை அத்தானிடம் போய்ச் சொன்னேன்.

"அப்ப நான் நிறுத்தினதால அவளுக்கு ஒண்ணும் கெட்டுப் போகல?"

"இல்ல அத்தான்."

இத்தனை வருடங்கள் அவர் அதை நினைத்து மருகியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"அப்படின்னா கொடுத்திருக்கவே வேணாமே," என்றார்.